வாஷிங்டனில் ஓர் ஒத்திகை அறை

நேயர்களுக்கு வணக்கம்.

சட்டக் கல்லூரியின் கூட்டு வாழ்க்கையைப் பற்றியும் அங்கே விளையும் சாதனைகளைப் பற்றியும் பேசும்படி நிலையத்தார் கேட்டுக்கொண்டார்கள். இப்படி ஒரு தலைப்பு கிடைத்தால், படித்தவர்களில் நீதிபதி ஆனவர் யார், அமைச்சர் ஆனவர் யார் என்று பட்டியல் வாசிப்பது வழக்கம். அந்த வேலையைக் கல்லூரி ஆண்டு மலர்கள் நன்றாகவே செய்கின்றன. நான் ஒரே ஒரு கல்லூரியை எடுத்துக்கொண்டு, அங்கே இருந்தவர்கள் அன்றாடம் எப்படி வேலை செய்தார்கள் என்று சொல்லப் பார்க்கிறேன்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் இருக்கும் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தின் சட்டக் கல்லூரி அது. வானொலியில் கேட்கும்போது ஹார்வர்ட் என்று காதில் விழலாம். ஹார்வர்ட் பாஸ்டனுக்குப் பக்கத்தில் இருக்கும் பணக்காரப் பல்கலைக்கழகம். அதுவும் இந்தக் கதையில் பின்னால் ஒருமுறை தலைகாட்டும். ஹோவர்ட் வேறு. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்த கையோடு, 1867-ல், விடுதலை பெற்ற கறுப்பின மக்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய பல்கலைக்கழகம். சட்டப் படிப்பு 1869-ல் வந்தது. முதல் மாணவர்கள் வாரத்தில் மூன்று மாலைகள் ஆசிரியர்களின் வீட்டிலும் அலுவலகத்திலும் கூடிப் படித்தார்கள்.

அறுபது ஆண்டுகள் அது மாலைக் கல்லூரியாகவே நடந்தது. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் இரவில் வந்து படிப்பார்கள். பகலில் வழக்காடுகிறவர்கள் இரவில் வந்து பாடம் எடுப்பார்கள். இளப்பமாக நினைத்துவிட வேண்டாம். அமெரிக்காவின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞரான சார்லட் ரே 1872-ல் இங்கே படித்து வந்தவர்தான். போதிய வழக்குகள் வராததால் அவர் பிறகு நியூயார்க் போய்ப் பள்ளி ஆசிரியையாக வாழ்ந்தார். பட்டம் கொடுத்த கல்லூரியால் கட்சிக்காரர்களைக் கொடுக்க முடியவில்லை.

1929-ல் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன் பொறுப்பேற்றார். துணை டீன் என்று பெயர். கல்லூரியை நடத்தியது அவர்தான். ஹார்வர்டில் சட்டம் படித்தவர். அந்தக் கல்லூரியின் சட்ட ஆய்விதழில் ஆசிரியர் குழுவுக்குள் நுழைந்த முதல் கறுப்பினத்தவர். முதல் உலகப் போரில் ராணுவ அதிகாரியாகப் பிரான்சுக்குப் போனவர். அங்கே வெள்ளை அதிகாரிகளிடம் பட்ட அவமானங்களுக்குப் பிறகுதான் சட்டம் படிப்பது என்று முடிவு செய்தார்.

வந்ததும் அவர் செய்த முதல் பெரிய காரியம் மாலை வகுப்பை மூடியது. முழுநேரப் படிப்பு, முழுநேர ஆசிரியர்கள், ஒழுங்கான நூலகம். 1931-ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் அங்கீகாரம் கிடைத்தது. இந்த இடத்தில் ஒரு வேடிக்கை. அந்தச் சங்கம் அன்று கறுப்பின வழக்கறிஞர்களை உறுப்பினராகச் சேர்ப்பதில்லை. அந்தத் தடை விலக 1943 ஆயிற்று. கல்லூரிக்கு நற்சான்று தருவார்களாம், அங்கே படித்து வருகிறவனை வாசலில் நிறுத்துவார்களாம்!

மாலை வகுப்பை மூடியதற்குப் பழைய மாணவர்களிடமிருந்து பலத்த எதிர்ப்பு வந்தது. அதில் நியாயம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது. பகலில் சம்பாதித்தால்தான் சாப்பாடு என்றிருந்தவர்களுக்குக் கதவு அடைபட்டது. ஹூஸ்டனைப் போற்றுகிறவர்கள் இந்த இழப்பை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

அவருடைய வகுப்பு கடுமையானது. மருத்துவன் தன் தவறைப் புதைத்துவிடலாம், வக்கீலால் முடியாது என்பாராம். முதல் ஆண்டு சேர்ந்தவர்களில் ஒரு சிறு பகுதிதான் கடைசி ஆண்டு வரை தாக்குப்பிடித்தது. 1930-ல் சேர்ந்த தர்குட் மார்ஷல், பால்டிமோரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போனார். கட்டணத்துக்காக அவருடைய தாயார் கல்யாண மோதிரத்தையும் நிச்சயதார்த்த மோதிரத்தையும் அடகு வைத்தார். முதலாண்டில் நல்ல மதிப்பெண் எடுத்த பிறகு நூலகத்தில் ஒரு வேலை கிடைத்தது. படிப்பு, வேலை, ரயில் என்று மனிதர் இளைத்துப்போனார். 1933-ல் வகுப்பில் முதலாவதாக வெளியே வந்தார். இரண்டாவதாக வந்தவர் அவருடைய நண்பர் ஆலிவர் ஹில். ஹில்லின் பெயரும் பின்னால் வரும்.

அடுத்த இரண்டு ஆண்டுக்குள் ஆசிரியரும் மாணவரும் ஒரே மேசையில் அமர்ந்து மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். டொனால்ட் மரே என்ற கறுப்பின இளைஞருக்கு அதன் சட்டக் கல்லூரி இடம் மறுத்திருந்தது. 1935-ல் பால்டிமோர் நீதிமன்றம் இடம் கொடுக்க உத்தரவிட்டது. 1936 ஜனவரியில் மேரிலாந்தின் உயர்ந்த நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இனி, இன்று நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். நம் சட்டக் கல்லூரிகளில் மாதிரி நீதிமன்றப் போட்டி நடக்கும். கற்பனை வழக்கு, கோட்டுப் போட்ட மாணவர்கள், கடைசியில் கோப்பை. ஹோவர்டில் நடந்த ஒத்திகை வேறு வகை. அங்கே எடுத்துக்கொண்டது உண்மையான வழக்கு. உச்ச நீதிமன்றத்தில் வாதாடப் போகும் வழக்கறிஞர், அந்தத் தேதிக்கு முன்பு, இந்தக் கல்லூரிக்கு வந்து தம் வாதத்தை முழுவதுமாக நிகழ்த்திக் காட்டுவார். ஆசிரியர்கள் நீதிபதிகளாக அமர்வார்கள். வாதுரை தொடங்கியதும் இடைமறிப்பார்கள், மடக்குவார்கள், பகையாளி நீதிபதி என்ன கேட்பாரோ அதையெல்லாம் கேட்பார்கள். மாணவர்கள் பின்னால் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். முடிந்ததும் எது எடுபட்டது, எது சொதப்பியது என்று எல்லோரும் சேர்ந்து அலசுவார்கள். மாணவனும் கேள்வி கேட்கலாம். நாட்டின் தலைசிறந்த வக்கீல் ஒரு மாணவனின் கேள்விக்குத் தடுமாறலாம். யாரும் அதைக் குறைவாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு மாணவர்கள் உச்ச நீதிமன்றத்துக்கே போய், முந்தின இரவு கேட்ட வாதம் அங்கே எப்படித் தேறுகிறது என்று பார்ப்பார்கள்.

1938 நவம்பரில் ஹூஸ்டனே அப்படி ஒத்திகை பார்த்துவிட்டுப் போனார். மிசௌரி மாநிலச் சட்டக் கல்லூரி லாயிட் கெய்ன்ஸ் என்பவருக்கு இடம் தரவில்லை. வேறு மாநிலத்தில் போய்ப் படி, கட்டணத்தை நாங்கள் தருகிறோம் என்றது. ஹூஸ்டன் பேச எழுந்ததும் நீதிபதி மெக்ரெனால்ட்ஸ் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டதாகச் சொல்வார்கள். ஒத்திகையில் யாரும் இதை நடித்துக் காட்டியிருக்க மாட்டார்கள். ஆறுக்கு இரண்டு என்ற கணக்கில் ஹூஸ்டன் வென்றார்.

அதே ஆண்டு ஜேம்ஸ் நேப்ரிட் என்ற ஆசிரியர் குடிமை உரிமைகளுக்கென்று தனிப் பாடம் ஒன்றைத் தொடங்கினார். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் அதுவே முதல். பாடநூல் கிடையாது, வழக்குகளை அவரே தேடித் திரட்டினார். வகுப்பறை ஆய்வு, ஒத்திகை அறை, நீதிமன்றம் என்று ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சரக்கு போய்க்கொண்டிருந்தது.

1952, 1953 ஆண்டுகளில் பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, ஒத்திகையும் இங்கேதான் நடந்தது. வாதாடியவர்களைப் பாருங்கள். மார்ஷல், ராபர்ட் கார்ட்டர், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன், எல்லோரும் இங்கே படித்தவர்கள். நேப்ரிட் இங்கே ஆசிரியர். வர்ஜீனியா வழக்கைக் கீழ் நீதிமன்றத்திலிருந்து சுமந்து வந்தவர்களில் ஆலிவர் ஹில் ஒருவர். 1954 மே 17-ல் தீர்ப்பு வந்தது: பள்ளிகளில் பிரித்து வைப்பதே சமத்துவத்துக்கு விரோதம். ஹூஸ்டன் அதைப் பார்க்கவில்லை, 1950-லேயே காலமாகிவிட்டார்.

இதுவரை சொன்னது பெருமை. கல்லூரி வாசலைத் தாண்டினால் என்ன நிலைமை? நகரத்தின் பெரும்பாலான உணவகங்களில் இந்த மாணவர்களால் உட்கார்ந்து ஒரு காபி குடிக்க முடியாது. 1943 ஜனவரியில் ஹோவர்ட் மாணவியர் மூவர் ஒரு கடையில் சூடான சாக்லேட் பானம் கேட்டார்கள். பத்து சென்ட் பானத்துக்கு இருபத்தைந்து சென்ட் பில் வந்தது. நியாயமான விலையை மட்டும் வைத்துவிட்டு எழுந்ததற்குக் கைது!

அந்தக் கோபத்துக்கு வடிவம் கொடுத்தவர்களில் முக்கியமானவர் பாலி மரே என்ற சட்ட மாணவி. காந்தியின் சத்தியாகிரகத்தைப் பற்றிப் படித்து ஊறியவர். பல்கலைக்கழகத்தில் அந்தப் பேச்சு புதிதல்ல. அங்கே தேவாலயப் பொறுப்பில் இருந்த ஹோவர்ட் தர்மன் 1936-ல் இந்தியா வந்து காந்தியை நேரில் சந்தித்துத் திரும்பியவர். 1943 ஏப்ரல் 17, சனிக்கிழமை. லிட்டில் பேலஸ் என்ற உணவகத்துக்குள் மாணவர்கள் மூன்று மூன்று பேராக நுழைந்தார்கள். பரிமாற மறுத்ததும் வெறும் தட்டோடு காலி மேசைக்குப் போய் உட்கார்ந்து, புத்தகத்தைத் திறந்து படிக்கத் தொடங்கினார்கள். கூச்சல் இல்லை, பதில் பேச்சு இல்லை. போர்க்காலம் அது, வெளியே மறியல் செய்தவர்கள் பிடித்த பலகையில், ஒன்றாகச் சாகிறோமே, ஒன்றாகச் சாப்பிடக் கூடாதா என்று எழுதியிருந்தது. கடைக்காரர் அன்று சீக்கிரமே கடையை மூடினார். நாற்பத்தெட்டு மணி நேரத்தில் பணிந்து வந்தார்.

மறு ஆண்டு தாம்ப்சன்ஸ் என்ற உணவகத் தொடரின் கிளை ஒன்றில் இதையே செய்தார்கள். அன்றைக்கே உணவு கிடைத்தது. உடனே பல்கலைக்கழக நிர்வாகம் குறுக்கே வந்தது. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒதுக்கும் பணத்தை நம்பி நடக்கும் நிறுவனம் அல்லவா, போராட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். நிர்வாகம் என்றால் எங்கும் நிர்வாகம்தான். அந்தத் தாம்ப்சன்ஸ் தொடரின் மீதே, மேரி சர்ச் டெரல் என்ற மூதாட்டி முன்னின்று நடத்திய போராட்டத்தின் பயனாக, 1953-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. உணவகங்களில் இனம் பார்க்காமல் பரிமாற வேண்டும் என்று நகரத்தில் 1870-களிலேயே இயற்றி, பிறகு சட்டத் தொகுப்பிலிருந்து காணாமல் போன பழைய சட்டம் இன்னும் செல்லும் என்றது நீதிமன்றம்.

பாலி மரே விஷயத்தில் கல்லூரியும் யோக்கியமாக நடந்துகொள்ளவில்லை. 1941-ல் அவர் சேர்ந்தபோது வகுப்பில் பெண் என்று அவர் ஒருவர்தான். பெண்கள் ஏன் சட்டம் படிக்க வருகிறார்கள் என்று தெரியவில்லை, வந்துவிட்டார்கள், பொறுத்துக்கொள்வோம் என்று ஓர் ஆசிரியர் வகுப்பிலேயே சொன்னார். பசங்கள் சிரித்தார்கள். பிறகு அறிவிப்புப் பலகையில் ஒரு தாள்: ஓர் ஆசிரியர் வீட்டில் மாலை விருந்து, முதலாண்டு ஆண் மாணவர்கள் அனைவரும் வருக. வாதத்தை விட்டுக்கொடுக்காத பழக்கம் இப்படி விருந்துகளில், அரட்டையில், மூத்தவர்களோடு பழகுவதில் ஊறி வருவது. அந்த வாசலை அவருக்கு மட்டும் அடைத்தார்கள். நிறத்துக்காக ஒதுக்கப்படுவது என்றால் என்ன என்று நன்கு அறிந்தவர்கள் இதைச் செய்தார்கள்.

அவர் வகுப்பில் முதலிடம் பிடித்துப் பதில் சொன்னார். கடைசி ஆண்டு வகுப்பில் ஒரு கருத்தை முன்வைத்தார். தனித்தனியாக வைத்தாலும் சமம் என்ற 1896-ஆம் ஆண்டுத் தீர்ப்பை வைத்துக்கொண்டு, சமமாகக் கொடு என்று கேட்டுக்கொண்டே இருப்பானேன்? தனியாக வைப்பதையே நேராகத் தாக்குவோம் என்றார். வகுப்பு சிரித்தது. இருபத்தைந்து ஆண்டுக்குள் அந்தத் தீர்ப்பு கவிழும் என்று ஆசிரியர் ஸ்பாட்ஸ்வுட் ராபின்சனிடம் பத்து டாலர் பந்தயம் கட்டிவிட்டு, அதையே ஆய்வுக் கட்டுரையாக எழுதிக் கொடுத்தார்.

1944-ல் முதலிடம் பெற்றவருக்கு ஹார்வர்டில் மேற்படிப்பு என்பது அன்றைய எதிர்பார்ப்பு. பெண் என்பதால் ஹார்வர்ட் கையை விரித்தது. கலிபோர்னியா போய்ப் படித்தார். அவர் சொன்ன தீர்ப்பு பத்தே ஆண்டில் கவிழ்ந்தது. 1963-ல் ஏதோ வேலையாகக் கல்லூரிக்கு வந்தவர், பழைய கட்டுரை இருக்கிறதா என்று ராபின்சனிடம் கேட்டார். இருந்தது. 1953-ல் பள்ளி வழக்குக்குத் தயார் செய்யும்போது அதை எடுத்துப் பார்த்தோம் என்றார் ராபின்சன். அதுவரை பாலி மரேயிடம் இதை யாரும் சொல்லவில்லை.

இனப் பாகுபாட்டுக்கு எதிராகச் செல்லும் வாதம் பெண்களை ஒதுக்குவதற்கு எதிராகவும் செல்லும் என்று 1965-ல் அவர் இன்னொருவரோடு சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார். 1971-ல் ஒரு சட்டம் பெண்ணுக்குப் பாகுபாடு காட்டுகிறது என்று உச்ச நீதிமன்றம் முதன்முறையாக ரத்து செய்தது. அந்த வழக்கின் எழுத்துவாதத்தைத் தயாரித்த ரூத் பேடர் கின்ஸ்பர்க், அதன் அட்டையில் பாலி மரே பெயரையும் சேர்த்திருந்தார். அந்த மனுவை எழுதுவதில் மரேக்குப் பங்கில்லை. வாதம் யாரிடமிருந்து வந்தது என்பதைக் கின்ஸ்பர்க் மறைக்க விரும்பவில்லை.

நன்றி. வணக்கம்.