நரம்புச் செல்லில் தேங்கும் புரதம்

திருநெல்வேலி வட்டார நேயர்களுக்கு வணக்கம்.

ஓய்வூதியம் எடுக்க வங்கிக்குப் போகும் பெரியவர் படிவத்தில் கையெழுத்திடுகிறார். முதல் இரண்டு எழுத்துகள் பழைய அளவில் இருக்க, மற்றவை வரவரச் சிறுத்துப் போகின்றன. வீட்டார் அதை முதுமை என்று விட்டுவிடுகிறார்கள். பார்க்கின்சன் நோய் பல சமயம் இப்படித்தான் தலைகாட்டுகிறது. அந்நோயில் மூளையின் நரம்புச் செல்களுக்குள் திரள்கள் இருப்பதை 1912இல் பிரீட்ரிக் லூயி விவரித்தார். ஆல்ஃபா சைநியூக்ளின் என்ற புரதம் உருக்குலைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதே அத்திரள் என்பது 1997இல் தெரியவந்தது.

புரதம் தனக்குரிய வடிவில் மடியாமல் மடிப்புத் தவறுவது நம் எல்லோருடைய செல்களிலும் அன்றாடம் நடப்பதுதான். தவறிய மடிப்பைத் திருத்தத் துணைப் புரதங்கள் உண்டு. திருத்த முடியாததன்மேல், 76 அமினோ அமிலங்களே கொண்ட யூபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாகக் கோக்கப்படுகிறது. அதை இனங்கண்டு, புரதங்களை வெட்டும் செல்லின் எந்திரமான புரோட்டியசோம் துண்டாக்குகிறது. இதைக் கண்டறிந்த மூவருக்கு 2004இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஆயினும் புரோட்டியசோமின் வாய் குறுகியது. பிரிந்த இழைதான் உள்ளே போகும், திரண்ட கட்டி போகாது.

கட்டிக்கு வேறு வழி வேண்டும். பி-62 என்ற புரதம் ஒரு கையால் யூபிக்விட்டினையும் மறுகையால் வளர்ந்துவரும் சவ்வையும் பற்றிக்கொள்ள, சவ்வு கட்டியைச் சுற்றி மூடி, செல்லின் செரிமானப் பையான லைசோசோமோடு இணைகிறது. அங்குள்ள அமிலமும் நொதிகளும் அதைக் கரைக்கின்றன. தன்விழுங்கல் எனப்படும் இச்செயலின் மரபணுக்களை ஈஸ்டில் கண்டறிந்த யோஷினோரி ஓசுமி 2016இல் நோபல் பெற்றார். 2006இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், எலிகளின் நரம்புச் செல்களில் மட்டும் இந்த மரபணுக்களில் ஒன்றை நீக்கினார்கள். நோய்க்குரிய புரதம் எதையும் சேர்க்கவில்லை. அப்படியிருந்தும் செல்களில் திரள்கள் குவிந்தன, எலிகளின் நடை தடுமாறியது. அகற்றும் பணி நின்றாலே போதும், நரம்பு நலியும் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய சோதனை வேறில்லை என்பது என் கருத்து.

நரம்புச் செல்லுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு? மற்ற பல செல்கள் பிரிந்து பெருகும்போது கழிவும் பங்கிடப்பட்டுக் குறைகிறது. முதிர்ந்த நரம்புச் செல் பிரிவதில்லை. அதன் இழையோ முதுகுத்தண்டிலிருந்து கால்விரல்வரை ஏறத்தாழ ஒரு மீட்டர்கூட நீளலாம். பாளையங்கால்வாயின் கடைமடையில் அமலைச் செடி அடைத்தால் அங்கேயே அள்ளிக் கரையில் போட்டுவிடுகிறோம். நரம்பிழையின் நுனியில் பொதிந்த கழிவோ, பெரும்பாலும் செல்லின் உடல்வரை திரும்பி வந்தே முழுமையாகச் செரிக்கப்படுகிறது.

லைசோசோம் நொதி ஒன்றைத் தரும் ஜிபிஏ-1 மரபணுவில் குறையுள்ளவர்களுக்குப் பார்க்கின்சன் வரும் வாய்ப்பு அதிகம். அந்நொதியைக் கூட்டும் என்பதால், நம் மருந்துக்கடைகளில் கிடைக்கும் சளி மருந்தான அம்பிராக்ஸால் இப்போது நோயாளிகளிடம் சோதிக்கப்படுகிறது. பலன் இன்னும் நிறுவப்படவில்லை. சோதனைகளில் தருவது இருமலுக்குத் தருவதைவிடப் பல மடங்கு, அதுவும் மருத்துவக் கண்காணிப்பில். அதனால் யாரும் தாமாக வாங்கிக் குடிக்க வேண்டாம். இப்போது சாப்பிடும் மாத்திரைகளையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.