ரிப்பேர் ஆர்டரில் என்ன எழுதியிருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நான் வக்கீல் இல்லை. கலிஃபோர்னியாவில், ஃப்ரீமாண்ட் பக்கம், ஒரு கார் டீலர்ஷிப்பின் சர்வீஸ் கவுண்டரில் பதினெட்டு வருஷம் உட்கார்ந்தவன். காலை ஏழு மணிக்கு வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, ஒரு கையில் காபியும் இன்னொரு கையில் போனுமாக, "ஒரு மாதிரி ஓடுதுங்க, கொஞ்சம் பாருங்க" என்பார்கள் இல்லையா, அதைக் கேட்டுக் கம்ப்யூட்டரில் தட்டுகிற ஆள். அப்படித் தட்டி எடுக்கிற தாள்தான் ரிப்பேர் ஆர்டர். ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளைக் கம்பெனி திரும்ப அழைப்பது, லெமன் சட்டம் இதையெல்லாம் பற்றிப் பேசச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது அந்தக் கவுண்டரில் பார்த்ததுதான்.

நம்மவர்கள் புதுக் கார் எடுத்தால் லிவர்மோர் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழத்தை வைத்து ஏற்றி நசுக்குவார்கள். இந்த ஊர்க்காரர்கள் வண்டியையே எலுமிச்சை என்பார்கள். வாங்கிய நாளிலிருந்து வீட்டுக்கும் பட்டறைக்குமாக அலையவிடுகிற புது வண்டிக்கு 'லெமன்' என்று பெயர். அப்படி ஒன்று தலையில் கட்டப்பட்டவருக்காகக் கலிஃபோர்னியாவில் 1970-இலேயே சாங்-பெவர்லி என்ற உத்தரவாதச் சட்டம் வந்தது. வண்டிகளுக்கென்றே லெமன் சட்டத்தை முதலில் போட்டது கனெக்டிகட் மாநிலம், 1982-இல். அதே ஆண்டு கலிஃபோர்னியாவும் தன் சட்டத்தில் கார்களுக்கென ஒரு கணக்கைச் சேர்த்தது. இன்று ஏதாவது ஒரு வடிவில் எல்லா மாநிலங்களிலும் உண்டு.

அந்தக் கணக்கு என்ன என்று சொல்வதற்கு முன்னால், ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் கோயம்புத்தூர்ப் பக்கம், இங்கே மென்பொருள் வேலை. 36,000 டாலருக்குப் புது வண்டி. 2,400 மைலில் கணவர் முதல் தடவை வந்தார். வண்டி ஃப்ரீவேயில் போகும்போது சட்டென்று இழுவை விட்டு, எஞ்சின் அணைந்து, ஓரங்கட்டி மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றுமே நடக்காதது போல ஓடுகிறது. ஆனால் கவுண்டரில் அவர் சொன்னது இவ்வளவுதான்: "சில சமயம் பிக்-அப் கம்மியா இருக்குங்க. பெருசா ஒண்ணும் இல்ல." நானும் அதையே தட்டினேன். 'வாடிக்கையாளர் சொல்கிறார்: சில நேரம் இழுவை குறைவு.' டெக்னீஷியன் மூன்று மைல் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதினார்: 'குறை தென்படவில்லை.'

இந்த 'குறை தென்படவில்லை' என்கிற வரியை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. அதில் பொய் எதுவும் கிடையாது. டெக்னீஷியனுக்கு உண்மையிலேயே தென்படவில்லை. நாள் முழுக்க ஓடிச் சூடான எஞ்சினில், மணிக்கு 65 மைலில் வருகிற கோளாறு, காலை எட்டு மணிக்குக் குளிர்ந்த வண்டியில் மூன்று மைலில் எப்படித் தென்படும்?

இரண்டாம் தடவை வந்தபோது 'ஒரு மாதிரி உதறுகிறது' என்றார். மூன்றாம் தடவை, 'டாஷ்போர்டில் ஏதோ விளக்கு வந்து போனது.' நான்காம் தடவை நான் ரிப்பேர் ஆர்டரே போடவில்லை. அவசரம் என்றார், சரி என்று டெக்னீஷியனைக் கூப்பிட்டு ஒரு ரவுண்டு ஓட்டவைத்து, "நல்லாத்தான் இருக்கு சார்" என்று சாவியைக் கொடுத்துவிட்டேன். நட்புக்காகச் செய்தது. சட்டத்தின் கண்ணில் அன்றைக்கு அவர் வரவே இல்லை.

இப்போது அந்தக் கணக்குக்கு வருவோம். வண்டி கைக்கு வந்த 18 மாதம் அல்லது 18,000 மைலுக்குள், உயிருக்கோ உடம்புக்கோ பெரிய ஆபத்தான குறை என்றால் இரண்டு தடவை பழுது பார்க்கக் கொடுத்திருக்க வேண்டும். மற்றக் குறை என்றால், ஒரே குறைக்கு நான்கு தடவை. அல்லது வண்டி பட்டறையில் கிடந்த நாட்கள் மொத்தம் முப்பதைத் தாண்டியிருக்க வேண்டும். இதில் எது நடந்தாலும், கம்பெனிக்குப் போதுமான வாய்ப்பு கொடுத்தாயிற்று என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். அப்புறம் கம்பெனி வண்டியை மாற்றித் தர வேண்டும், இல்லை பணத்தைத் திருப்பித் தர வேண்டும். 18 மாதம் தாண்டிவிட்டால் உரிமையே போய்விட்டது என்று பலர் நினைக்கிறார்கள், அப்படி இல்லை. இந்தத் தானாக எடுத்துக்கொள்கிற சலுகைதான் போகும், வழக்கு போகாது. இன்னொன்று, உத்தரவாதப் புத்தகத்தில் போட்டிருந்தால், டீலருக்குச் சொன்னது மட்டும் போதாது. கம்பெனிக்கே நேராக ஒரு தடவை எழுதியிருக்க வேண்டும்.

நம் தம்பதியின் தாள்களை எடுத்து வையுங்கள். ஓடும்போது எஞ்சின் அணைவது உயிராபத்துக் குறை. இரண்டு தடவை போதும். நான்கு தடவை வந்திருக்கிறார். ஆனால் தாளில் என்ன இருக்கிறது? இழுவை குறைவு ஒரு தடவை, உதறல் ஒரு தடவை, விளக்கு ஒரு தடவை, நான்காவது காற்றோடு போனது. மூன்று சில்லறைக் குறைகள், தலைக்கு ஒரு தடவை.

ஐந்தாம் தடவை அவர் மனைவி வந்தார். முந்தின நாள் மாலை 880 ஃப்ரீவேயில், நடு லேனில், பின்னால் லாரி வரும்போது அணைந்திருக்கிறது. பின் சீட்டில் குழந்தை. அவர் சொன்னதை நான் வழக்கம்போல் சுருக்கித் தட்டிக்கொண்டிருந்தேன். "அண்ணா, என்ன டைப் பண்ணீங்க, படிச்சுக் காட்டுங்க" என்றார். படித்தேன். "இல்லைண்ணா. நான் சொன்னதைப் போடுங்க. 65 மைல். நடு லேன். எஞ்சின் ஆஃப். ஸ்டீயரிங் இறுகிடுச்சு. 2,400 மைல்லருந்து இதேதான்." அத்தனையும் போட்டேன். பதினெட்டு வருஷத்தில் திரையைத் திருப்பிக் காட்டச் சொன்னவர்கள் பத்து பேர்கூடத் தேறமாட்டார்கள்.

ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஜெனரல் மோட்டார்ஸ் கதையைச் சொல்ல வேண்டும். 2014 பிப்ரவரியில் அந்தக் கம்பெனி ஷெவர்லே கோபால்ட் உள்ளிட்ட சில சிறிய கார்களைத் திரும்ப அழைக்கத் தொடங்கியது. மார்ச் முடிவதற்குள் எண்ணிக்கை 26 லட்சம் ஆனது. குறை, சாவி போடுகிற ஸ்விட்சில். உள்ளே இருக்கிற ஒரு சின்ன ஸ்பிரிங்குக்குப் போதிய விறைப்பு இல்லை. சாவிக்கொத்து கனமாக இருந்தாலோ, முழங்கால் இடித்தாலோ, சாவி ஓடுகிற நிலையிலிருந்து நழுவிவிடும். எஞ்சின் அணையும், ஸ்டீயரிங்கும் பிரேக்கும் கெட்டியாகும், மோதினால் ஏர்பேக்கும் விரியாது.

வண்டிகள் ஓடும்போது அணைகின்றன என்ற புகார் பத்து வருஷத்துக்கும் மேலாகக் கம்பெனிக்கு வந்துகொண்டிருந்தது. பொறியாளர்கள் அதை எந்தப் பெட்டியில் போட்டார்கள் தெரியுமா? 'வாடிக்கையாளர் வசதி' என்ற பெட்டியில். பாதுகாப்பு என்ற பெட்டியில் போட்டிருந்தால் ரீகால் செய்தாக வேண்டும். வசதி என்றால் டீலர்களுக்கு ஒரு சர்வீஸ் புல்லட்டின் போதும். 2005-இல் அனுப்பிய புல்லட்டினில், சாவிக்கொத்திலிருந்து தேவையில்லாத கனத்தைக் கழற்றச் சொல்லுங்கள் என்று இருந்தது. புல்லட்டின் என்பது என்னைப் போன்ற கவுண்டர்க்காரனுக்கு வருகிற கடிதம். உங்கள் வீட்டுக்கு வராது.

ஜார்ஜியாவில் ஒரு இளம் நர்ஸ், வண்டி ஓடும்போது அணைகிறது என்று டீலரிடம் விட்டார். எரிபொருள் அமைப்பைச் சுத்தம் செய்து திருப்பிக் கொடுத்தார்கள். சரியாகிவிட்டது என்று எடுத்துப் போனவர், 2010 மார்ச்சில், தன் 29-ஆவது பிறந்தநாளன்று விபத்தில் இறந்தார். பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அவர்கள் தரப்புப் பொறியாளர் அந்த வண்டியின் ஸ்விட்சையும் கடையில் வாங்கிய புது ஸ்விட்சையும் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பார்ட் நம்பர் ஒன்றே. உள்ளே ஸ்பிரிங் வேறு. 2006-இல் யாரோ சத்தமில்லாமல் பாகத்தை மாற்றி, நம்பரை மட்டும் மாற்றாமல் விட்டிருந்தார்கள். கம்பெனியின் சொந்தப் புலனாய்வே இந்த இடத்தில்தான் வருஷக்கணக்கில் வழி தவறி நின்றது.

அரசின் பங்கும் இருக்கிறது. நெடுஞ்சாலைப் பாதுகாப்பை மேற்பார்க்கும் மத்திய அமைப்பை எங்கள் தொழிலில் 'நிட்சா' என்போம். 2007-இல் இந்த வண்டிகளின் ஏர்பேக் விரியாததை விசாரிக்கலாமா என்று அங்கே பேச்சு வந்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 2014-இல் கம்பெனிக்கு 3.5 கோடி டாலர் அபராதம் போட்டபோது அதே நிட்சா ஓர் ஆவணத்தை வெளியிட்டது. 2008-இல் கம்பெனி தன் ஊழியர்களுக்குக் காட்டிய பயிற்சிப் படங்கள். அறிக்கை எழுதும்போது தவிர்க்க வேண்டிய சொற்கள் என்று அறுபதுக்கும் மேல் பட்டியல் போட்டிருந்தார்கள். 'குறைபாடு' என்று எழுதாதே, 'வடிவமைத்தபடி செயல்படவில்லை' என்று எழுது. 'பிரச்சினை' வேண்டாம், 'நிலைமை' என்று போடு. எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றைப் பிசையவும் செய்தது. நானும் அதைத்தானே செய்துகொண்டிருந்தேன், யாரும் பட்டியல் கொடுக்காமலே.

கம்பெனி அமைத்த இழப்பீட்டு நிதி கடைசியில் 124 சாவுகளை ஏற்றுக்கொண்டது. 2015-இல் குற்றவியல் விசாரணையை முடிக்க 90 கோடி டாலர் கட்டினார்கள்.

அதனால் கவுண்டருக்கு வரும்போது, எத்தனை வேகம், எந்தச் சாலை, என்ன நடந்தது, எத்தனையாவது தடவை என்று சொல்லுங்கள். என்ன காரணமாக இருக்கும் என்று நீங்கள் ஊகிக்கவேண்டாம், அது எங்கள் வேலை. முதல் தடவை எந்தச் சொல்லில் சொன்னீர்களோ அதே சொல்லில் மறுபடியும் சொல்லுங்கள். தாள் இல்லாமல் வண்டியை விடவும் வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். உயிராபத்தான குறை என்றால் அன்றைக்கே நிட்சாவின் இணையதளத்திலும் எழுதிவிடுங்கள். அது உங்கள் வண்டியைச் சரிசெய்து தராது. ஆனால் அதே குறையோடு இன்னும் நாற்பது பேர் எழுதியிருந்தால் அங்கே ஒருவர் நிமிர்ந்து உட்காருவார்.

ரீகால் கடிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போடுகிறவர்கள் நிறைய. டகாட்டா என்ற கம்பெனியின் ஏர்பேக் விவகாரத்தில் இந்த நாட்டில் மட்டும் சுமார் 6.7 கோடி இன்ஃப்ளேட்டர்களை, அதாவது ஏர்பேக்கை ஊதி விரிக்கிற பாகங்களை, மாற்ற வேண்டி வந்தது. வெப்பமும் ஈரப்பதமும் வருஷக்கணக்கில் ஏறி, உள்ளிருக்கும் ரசாயனம் கெட்டு, ஏர்பேக் விரியும்போது இரும்புச் சில்லுகளை முகத்தில் அடிக்கிற குறை அது. கடிதம் வந்தும் மாற்றாமல் ஓட்டி இறந்தவர்கள் உண்டு. வண்டியின் அடையாளமான பதினேழு எழுத்து வின் நம்பர், கண்ணாடி வழியாகப் பார்த்தால் டிரைவர் பக்கம் டாஷ்போர்டு ஓரத்தில் தெரியும். அதை நிட்சா தளத்தில் போட்டால் நிலுவை ரீகால் இருக்கிறதா என்று காட்டும். வண்டிக்குப் பதினைந்து வயது ஆகும்வரை ரீகால் வேலைக்குக் காசு கிடையாது.

ஊரில் இதெல்லாம் உண்டா என்று அடிக்கடி கேட்கிறார்கள். இந்தியாவில் லெமன் சட்டம் என்று தனியாக இல்லை, நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போக வேண்டும். ரீகால் மட்டும் 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தில் நுழைந்து, 2021 ஏப்ரலில் விதிகளோடு நடைமுறைக்கு வந்தது. குறிப்பிட்ட விகிதத்துக்கு மேல் உரிமையாளர்கள் புகார் கொடுத்தால் அரசே திரும்ப அழைக்கச் சொல்லலாம். அங்கேயும் பாருங்கள், எழுதிக் கொடுத்த புகாரைத்தான் எண்ணுவார்கள்.

சரி, அந்தத் தம்பதி. ஐந்தாம் வருகை 9,600 மைலில். பத்து நாளில் மறுபடி அணைந்தது, ஆறாம் தடவை வந்தார்கள், அதே சொல், அதே வரி. கம்பெனிக்கும் எழுதினார்கள். வக்கீல் வைத்தார்கள், ஜெயித்தால் வக்கீல் செலவு கம்பெனி தலையில், அது இந்தச் சட்டத்தின் நல்ல அம்சம். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளக் கம்பெனி சம்மதித்தது. ஆனால் நீங்கள் ஓட்டிய மைலுக்கு ஒரு கழிவு உண்டு. இந்தக் குறைக்காக முதன்முதலில் வண்டியை விட்டபோது இருந்த மைலை 1,20,000-ஆல் வகுத்து, விலையால் பெருக்க வேண்டும். 2,400 மைல் என்றால் 720 டாலர் கழியும். கம்பெனி அந்த முதல் தாளை ஏற்கவில்லை. 'இழுவை குறைவு என்றுதானே இருக்கிறது, எஞ்சின் அணைந்தது என்று எங்கே இருக்கிறது?' 9,600 மைலில் இருந்துதான் எண்ணினார்கள். 2,880 டாலர். நான் தட்டிய ஒரு வரியின் விலை 2,160 டாலர்.

இப்போது அதே வழக்கு என்றால் தேதிகளிலும் கவனம் வேண்டும். 2024-இல் சட்டத்தைத் திருத்தி, உத்தரவாதம் முடிந்து ஒரு வருஷத்துக்குள், வண்டி கைக்கு வந்து ஆறு வருஷத்துக்கு மேல் போகாமல் வழக்குப் போட வேண்டும் என்றார்கள். 2025-இல் அதையே கம்பெனிகள் விரும்பினால் சேரலாம் என்று ஆக்கினார்கள். உங்கள் கம்பெனி சேர்ந்ததா இல்லையா என்று மாநில நுகர்வோர் துறை பட்டியல் போட்டிருக்கிறது. பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கும் ஒரு செய்தி: மிச்சம் இருக்கிற உத்தரவாதத்தோடு வாங்கினாலே அது இந்தச் சட்டத்தின் கணக்கில் 'புது வண்டி' ஆகிவிடாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் சொல்லிவிட்டது.

அந்த வண்டி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கம்பெனி அதைச் சரிசெய்து மறுபடி விற்கலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் உரிமைப் பத்திரத்தில் 'லெமன் லா பைபேக்' என்று முத்திரை இருக்கும், இடப்பக்கக் கதவுச் சட்டகத்தில் ஒரு ஸ்டிக்கரும் ஒட்டியிருக்கும். அடுத்த தடவை பழைய வண்டி பார்க்கப் போகும்போது, பானெட்டைத் திறக்கச் சொல்வதற்கு முன்னால் டிரைவர் கதவைத் திறந்து அந்தச் சட்டகத்தை ஒரு தடவை பாருங்கள். ஒட்டியிருந்ததைச் சுரண்டி எடுத்த தடம் இருந்தாலும் தெரியும். வணக்கம்.