ஏ4 தாள்ல ஒரு ராக்கெட்: நேரா மேல போக என்ன செய்யணும்?

[காட்சி: திறந்த மைதானம். ஒருவர் பாட்டிலை மிதிக்கிறார், காகித ராக்கெட் பாய்கிறது]

வெடிமருந்து வேண்டாம், நெருப்பு வேண்டாம். காலியான 2 லிட்டர் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலை மிதிச்சா, அதுல இருக்கிற காத்து பைப் வழியா ராக்கெட்டுக்குள்ள பாயும். அங்க அழுத்தம் வெளிக்காத்தை விடக் கால் பங்கு கூடினாலே போதும், 2 செ.மீ. குழலோட மூடின முனையை ஏறக்குறைய 800 கிராம் விசை தள்ளும். ராக்கெட்டோட எடை 9 கிராம்தான். அதனால வேகத்துக்குக் குறைவே வராது. புரளாம நேராப் போக வைக்கிறதுலதான் மொத்த வேலையும் இருக்கு.

[காட்சி: பைப், பெண்டு, பாட்டில்]

முதல்ல ஏவுற அமைப்பு. எலக்ட்ரிகல் கடையில 20 மி.மீ. வயரிங் பைப்பும் அதே அளவு பெண்டும் (வளைவான இணைப்பு) வாங்குங்க. தரையில கிடக்க 1 மீட்டர் துண்டு, நிமிர்ந்து நிக்க 35 செ.மீ. துண்டு, ரெண்டையும் பெண்டால இணைங்க. பாட்டில் வாய் பைப்பை விடக் கொஞ்சம்தான் அகலம். தரையில கிடக்கிற பைப் நுனியில இன்சுலேஷன் டேப்பைச் சுத்தி, பாட்டில் வாயில இறுக்கமாகிற வரைக்கும் உள்ள தள்ளி, வெளியிலயும் டேப் போடுங்க. நிமிர்ந்த பைப் நுனியைக் கையால மூடிக்கிட்டு பாட்டிலை மெதுவா அழுத்துங்க. எங்கயாவது உஸ்ஸுனு சத்தம் வந்தா, உயரம் அங்கதான் வீணாகுது.

[காட்சி: தாளைச் சுருட்டுவது]

80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டருக்கு 80 கிராம்) ஏ4 தாளை நீளவாக்குல ரெண்டா வெட்டுங்க. ஒரு பாதியை பைப் மேல ஒரு சுத்து சுத்தி, ஒட்டாம விடுங்க. இன்னொரு பாதியை அதுக்கு மேல சுருட்டி, அதை மட்டும் ஒட்டுங்க. அப்புறம் உள்தாளை உருவி எடுத்துட்டா, குழல் பைப்ல வழுக்கிக்கிட்டுப் போகும். இதைச் செய்யாம நேரடியாச் சுருட்டினா, இறுகிப்போய் ராக்கெட் கிளம்பவே கிளம்பாது.

மேல் வாயை வட்ட அட்டையால மூடி, குறுக்கும் நெடுக்குமா டேப் போடுங்க. காத்து மோதுறது இங்கதான், இது பிய்ஞ்சா எல்லாம் போச்சு. அதுக்கு மேல மூக்கா வர்ற கூம்புக்கு 5 செ.மீ. ஆரத்துல ஒரு கால் வட்டம் வெட்டி, குழல் அளவுக்கு வர்ற வரைக்கும் சுருட்டுங்க.

கூம்புக்குள்ள 4 கிராம் களிமண் வைக்கணும். 2012-லேர்ந்து 2018 வரைக்கும் வருஷம் போட்ட ஒரு ரூபாய் நாணயம் கிட்டத்தட்ட அந்த எடைதான், அதை வச்சு நிறுத்துக்கலாம். முனையை மழுங்கலா அழுத்தி விடுங்க. கனம் வச்சா உயரம் குறையும்னு நினைச்சு நிறைய பேர் இதை விட்டுடுறாங்க. உண்மையில ரொம்ப லேசான ராக்கெட்டைத்தான் காத்து சீக்கிரம் நிறுத்திடும். அதை விட முக்கியம், எடை மையம் முன்னால இருக்கணும், காத்துத் தள்ளுற மையம் பின்னால இருக்கணும். அப்பதான் லேசா சாய்ஞ்சாலும் வால் பக்கம் தள்ளப்பட்டு, ராக்கெட் தானா நிமிரும்.

கல்யாணப் பத்திரிகை அட்டையில 4 செ.மீ. அடி, 4 செ.மீ. அகலத்துல மூணு வால் இறக்கை வெட்டுங்க. குழலோட சுற்றளவு ஏறக்குறைய 66 மி.மீ., அதனால 22 மி.மீ.க்கு ஒண்ணு. இறக்கையோட ரெண்டு பக்கமும் டேப் போடணும். ஒண்ணு கோணலா இருந்தாலும் ராக்கெட் திருகிக்கிட்டே போகும்.

[காட்சி: விரல் மேல் ராக்கெட்]

விரல் மேல வச்சு நிறுத்திப் பாருங்க. வாலிலிருந்து 20 செ.மீ.க்கு மேலதான் அது சமநிலை ஆகணும். அந்த இடத்துல நூல் கட்டி, தலைக்கு மேல சுத்துங்க. மூக்கு முன்னால பார்த்தபடி சுத்தினா பறக்க விடலாம். பக்கவாட்டுல சுத்தினா இன்னும் 1 கிராம் களிமண் சேருங்க.

[காட்சி: ஏவுதல்]

மொட்டை மாடி வேண்டாம், கரண்டு கம்பி இல்லாத மைதானத்துக்குப் போங்க. மிதிக்கிறவருக்கு எதிர்ப்பக்கமா பைப்பைக் கொஞ்சம் சாய்ச்சு வைங்க. ராக்கெட் மாட்டியிருக்கும்போது யாரும் அதுக்கு மேல குனியக் கூடாது. சைக்கிள் பம்பு, கம்ப்ரசர் எதையும் இதுல இணைக்காதீங்க. பிவிசி பைப் அழுத்தம் தாங்காம வெடிச்சா, சில்லு சில்லாத் தெறிக்கும்.

ராக்கெட் காத்து வர்ற திசையை நோக்கித் திரும்பினா பயப்படாதீங்க. இறக்கை வேலை செய்யுதுன்னு அர்த்தம். கிளம்பினதுலேர்ந்து தரையில விழுற வரைக்கும் எத்தனை நொடின்னு செல்போன்ல அளந்துக்கோங்க. அதை அதாலயே பெருக்கி, 1.2 ஆல பெருக்குங்க. 4 நொடின்னா ஏறக்குறைய 19 மீட்டர். காத்துத் தடை இருக்கிறதால நிஜ உயரம் இதை விடக் கொஞ்சம் குறைவாத்தான் இருக்கும்.

நசுங்கின பாட்டிலைப் பைப் வழியா ஊதி நிமிர்த்துங்க. மடிப்புல வெள்ளைக் கோடு விரிசலா மாறினதும் வேற பாட்டில் மாத்திடுங்க.