மருந்தை உடைக்கும் நொதியம்

(திருகோணமலையில் பொதுமக்கள் முன் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். உவர்மலை, உப்புவெளி மட்டுமில்லாமல் கிண்ணியா, மூதூர்ப் பக்கமிருந்தும் வந்திருக்கிறீர்கள், மிகவும் சந்தோஷம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

"போனமுறை இந்தக் குளிசை கேட்டது, இப்போது கேட்கவில்லை, உடம்பு பழகிவிட்டது" என்று பார்மசியில் நின்று சொல்லாதவர்கள் நம்மில் குறைவு. பழகியது உடம்பு இல்லை, கிருமி. அதுவும் சும்மா தாங்கிக்கொண்டு இருப்பதில்லை, மருந்தையே உடைத்துப் போடுகிறது, அதற்கென்று ஒரு நொதியம், அதாவது என்சைம், வைத்திருக்கிறது.

பென்சிலின், அமொக்ஸிசிலின், செபலெக்ஸின் எல்லாவற்றிலும் நாலே அணுக்களாலான ஒரு சின்ன வளையம் உண்டு, மூன்று காபன், ஒரு நைதரசன். பீட்டா லக்டம் வளையம் என்பார்கள். வளைத்துக் கட்டிய பிரம்பு மாதிரி இறுக்கத்தோடு நிற்கும், தொட்டால் தெறிக்கும். மருந்தின் பலமே அதுதான். பக்டீரியா தன் சுவரைப் பின்ன வைத்திருக்கும் புரதம் அதைத் தொட்டதும் வளையம் திறந்து அந்தப் புரதத்திலேயே ஒட்டிக்கொள்ளும். புரதம் முடங்கும், சுவர் பலவீனப்படும், கிருமி வெடித்துச் சாகும்.

பீட்டா லக்டமேஸ் என்ற நொதியம் பிடிப்பதும் அதே வளையத்தைத்தான். ஆனால் மாட்டிக்கொள்வதில்லை. ஒரு தண்ணீர் மூலக்கூறை உள்ளே விட்டு, உடைந்த மருந்தைக் கழற்றிவிட்டு அடுத்ததைப் பிடிக்கப் போய்விடுகிறது. வேகமான நொதியமென்றால் ஒரு செக்கனில் நூற்றுக்கணக்கான மூலக்கூறுகள் முடிந்துவிடும். 1940இலேயே, பென்சிலின் சனங்களுக்குப் பரவலாகக் கிடைக்கும் முன்னமே, ஒக்ஸ்போர்ட்டில் ஆபிரகாமும் செயினும் ஈ. கோலை கிருமியில் இப்படியொரு நொதியத்தைக் கண்டு எழுதிவிட்டார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆச்சரியம் தீரவில்லை. அது முன்பே இருந்தது. நாம் கண்டபடி மருந்தைக் குடித்து, அது இல்லாத கிருமிகளைக் கொன்று, உள்ளவற்றுக்கு இடம் விட்டுக்கொடுத்தோம். போதாததற்கு அதன் மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற தனி டீஎன்ஏ துண்டில் இருப்பதால், ஒரு கிருமி வேறு இனக் கிருமிக்கும் அதைப் பிரதியெடுத்துக் கொடுத்துவிடும்.

ஆய்வுகூடத்தில் இதைக் கண்ணால் பார்க்கலாம். தட்டில் கிருமியைப் பூசி, அதே வளையமுள்ள செபொடாக்சிம் என்ற மருந்து ஊறிய வட்டு ஒன்றையும், கிளவுலானிக் அமிலம் கலந்த அமொக்ஸிசிலின் வட்டு ஒன்றையும் சற்றுத் தள்ளித் தள்ளி வைப்பார்கள். ஈஎஸ்பிஎல் என்ற, செபொடாக்சிம் போன்றவற்றையும் உடைக்கும் பீட்டா லக்டமேஸ் வகை நொதியம் உள்ள கிருமி முதல் வட்டுக்குக் கிட்டவரை வளர்ந்திருக்கும், ஆனால் இரண்டு வட்டுக்கும் இடைப்பட்ட பக்கத்தில் மட்டும் தெளிந்த இடம் வெளியே இழுபட்டு நிற்கும். கிளவுலானிக் அமிலம் தானே போய் நொதியத்தின் வாயை அடைத்ததால் அங்கே மருந்து பிழைத்தது. ஓக்மென்டின் குளிசையில் அதைச் சேர்ப்பதும் இதற்குத்தான். 2009இல் அறிவிக்கப்பட்ட என்டிஎம்-1 நொதியத்திடம் அந்த வேலை நடக்காது. அது நாகம் (சிங்க்) என்ற உலோகத்தை வைத்து உடைக்கிறது, ஆஸ்பத்திரியில் கடைசிக்கென்று வைத்திருக்கும் மெரோபெனமையும் உடைத்துவிடும்.

எந்தக் கிருமியிடம் எது இருக்கிறதென்று வெளியில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அலுமாரியில் கிடக்கும் மிச்சக் குளிசையைத் தொடாதீர்கள். டொக்டர் யூரின் கல்ச்சர், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் சோதனை, எழுதித் தந்தால், அவர் வேறு மாதிரிச் சொன்னாலொழிய, முதல் குளிசையைப் போடும் முன் மாதிரியைக் கொடுத்துவிடுங்கள், போட்டபின் கொடுத்தால் தட்டில் கிருமி வளராமலே போகலாம்.