வயலின் இல்லாமல் வந்த வெற்றி: டிக் ஹேம்ஸ் பற்றிய கேள்விக்கு விளக்கம்

சென்ற பதிவில் அமெரிக்காவின் ஹாரி ஜேம்ஸ் இசைக்குழுவைப் பற்றிப் பேசியபோது, அதில் பாடிய டிக் ஹேம்ஸின் பெயரைப் போகிற போக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன். நேயர் ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டார். "புகழ்பெற்ற பாடகர் பிராங்க் சினாட்ராவின் இடத்துக்கு வந்தவர் என்கிறீர்கள், குரலில் அவருக்குக் குறைந்தவர் என்பதால்தான் மறக்கப்பட்டாரா?" என்பது கேள்வி. இரண்டு நாள்களாக இது என்னை விடவில்லை.

1918இல் அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸில் பிறந்த ஹேம்ஸ், தாம் எழுதிய பாடல்களை விற்கத்தான் ஹாரி ஜேம்ஸிடம் போனார். பாடல்கள் ஜேம்ஸுக்குப் பிடிக்கவில்லை. பாடிக் காட்டிய குரல் பிடித்துவிட்டது. 1940இல், இன்னொரு இசைக்குழுத் தலைவரான டாமி டோர்சியிடம் போய்விட்ட சினாட்ராவின் இடம் அவருக்குக் கிடைத்தது. 1942 செப்டம்பரில் டோர்சியிடமிருந்தும் சினாட்ரா விலகியபோது, விடைபெறும் வானொலி நிகழ்ச்சியில் தமக்கு அடுத்து வருபவர் என்று அவர் அறிமுகப்படுத்தியதும் ஹேம்ஸைத்தான்.

ஆனால் நான் வழக்கமாகச் சொல்வதை இங்கேயும் சொல்லியாக வேண்டும்: இந்தப் பாடகர்களை உயர்த்தியதில் குரலுக்குப் பங்கு உண்டென்றால், வேலைநிறுத்தத்துக்கும் உண்டு. அதுவரை இசைத்தட்டில் பெரிய எழுத்தில் இருந்தது குழுத் தலைவரின் பெயர். பாடகர் தமக்குரிய சில வரிகள் வரும்வரை மேடை ஓரத்தில் காத்திருப்பவர். இசைத்தட்டுகளை வானொலியும், காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் பெட்டியும் ஓயாமல் ஒலிபரப்புவதால் தங்கள் பிழைப்பு போகிறதென்று, 1942 ஆகஸ்ட் 1 முதல் இசைக்கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுகளுக்கு வாசிக்க மறுத்தது. பாடகர்கள் அந்தச் சங்கத்தில் இல்லை. ஆகவே 1943இல் டெக்கா நிறுவனத்துக்காக 'யூ'ல் நெவர் நோ' பாடலை ஹேம்ஸ் ஒரு வாத்தியமும் இல்லாமல், பாடகர் குழுவை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு பாடினார். வயலின்கள் இழைய வேண்டிய இடத்தில் மனிதக் குரல்கள் முனகுகின்றன. அவற்றுக்கு அடியில் ஹேம்ஸின் கனத்த குரல் அவசரமே இல்லாமல் நடக்கிறது. அதே ஆண்டில், அதே பாடலை, அதே முறையில் சினாட்ராவும் பதிவு செய்தார். விற்பனைப் பட்டியலில் முதலிடம் ஹேம்ஸுக்கு, இரண்டாமிடம் சினாட்ராவுக்கு. குரலில் குறைந்தவரா என்பதற்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

பிறகு ஏன் வீழ்ந்தார்? குடியும் கடனும் தொடர் மணமுறிவுகளும் ஒரு பக்கம் இருக்கட்டும். போர்க்காலத்தில், நடுநிலை நாடான அர்ஜென்டினாவின் குடிமகன் என்று சொல்லி ராணுவச் சேவையிலிருந்து விலக்குப் பெற்றார். அதற்காகப் போட்ட கையெழுத்தே அமெரிக்கக் குடியுரிமைக்கு நிரந்தரத் தடையாயிற்று. 1953இல் நடிகை ரீட்டா ஹேவொர்த்தைக் காண, அப்போது மாநிலமாகியிராத ஹவாய்க்குச் சென்று திரும்பியவரை, நாட்டுக்குள் புதிதாக நுழையும் அயலாராகக் கருதி, நாடு கடத்த வழக்குப் போட்டார்கள். 1955இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாகவே வந்தது என்றாலும், செய்தித்தாள்கள் அதற்குள் அவர் பெயரை ஒருவழி பண்ணியிருந்தன. கேபிட்டல் இசைத்தட்டு நிறுவனம் சினாட்ராவுக்குக் கொடுத்த மறுவாழ்வை இவருக்கும் கொடுக்கப் பார்த்தது, தட்டுகள் விற்கவில்லை.

குரல் போய்விட்டதோ என்று ஐயப்படுகிறவர்கள், 1955 இறுதியில் அங்கே அவர் பதிவு செய்தவற்றைக் கேளுங்கள். அவற்றில் 'யூ'ல் நெவர் நோ'வும் இருக்கிறது. இந்த முறை வயலின்களோடு.