நம் கொடியில் இருப்பது வளர்பிறையா, தேய்பிறையா?

வணக்கம். சிங்கப்பூர்த் தேசிய தினத்திற்காகச் சன்னல் கம்பியில் கட்டிய கொடி உங்கள் வீட்டில் இருக்குமானால், அதிலுள்ள பிறையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். வளர்ந்துவரும் இளம் நாட்டைக் குறிக்கும் வளர்பிறை என்று தொடக்கப்பள்ளியிலேயே மனப்பாடம் செய்திருப்போம். ஆனால், அறிவியல் புத்தகத்து நிலாப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது தேய்பிறையாகத் தெரிகிறது!

வரலாற்றை விரைவாக முடித்துவிடுவோம். 1959-இல் தன்னாட்சி கிடைத்தபின், துணைப் பிரதமர் தோ சின் சை தலைமையிலான குழு இக்கொடியை உருவாக்கியது. அவ்வாண்டு டிசம்பர் 3ஆம் தேதி, யூசோஃப் இஷாக் நாட்டுத் தலைவராகப் பதவியேற்ற நாளில், அது நகர மண்டபத்தில் அறிமுகமானது. (நம் பணத்தாள்களில் இருக்கும் முகம் அவருடையதுதான்.)

தோ முதலில் விரும்பியது முழுச் சிவப்புக் கொடியை. அது கம்யூனிஸ்டுகளின் நிறமாயிற்றே என்று அமைச்சரவை தயங்கியதால், வெள்ளையும் சேர்ந்தது. சிவப்பு மனிதகுலச் சகோதரத்துவத்தையும் சமத்துவத்தையும், வெள்ளை என்றும் நிலைக்கும் தூய்மையையும் நற்பண்பையும் குறிப்பவை. சீனர்கள் சீனக் கொடியைப் போல ஐந்து நட்சத்திரங்களையும் மலாய்க்காரர்கள் பிறையையும் விரும்பினார்கள் என்று நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் இயூ பின்னாளில் நினைவுகூர்ந்தார். இரண்டுமே கொடியில் ஏறின. அந்த ஐந்து நட்சத்திரங்களுக்கு மக்களாட்சி, அமைதி, முன்னேற்றம், நீதி, சமத்துவம் என்று பொருள் சொல்லப்பட்டது. என்னைக் கேட்டால், பேரம் பேசிய சுவடே தெரியாமல் இவ்வளவு அழகாக அமைந்த சமரசம் அரிது. மேலும், இந்தச் சின்னங்களை எடுத்துவிட்டால், மேலே சிவப்பும் கீழே வெள்ளையுமாக இருக்கும் இந்தோனேசிய, மொனாக்கோ கொடிகளிலிருந்து நம்முடையதைப் பிரித்தறிவதே கடினம்.

இப்போது நிலாவுக்கு வருவோம். ஒளிரும் பக்கம் எப்போதும் சூரியனை நோக்கியே இருக்கும். ஐரோப்பா போன்ற வடபகுதிகளில், மாலைச் சூரியன் வலப்புறமாகச் சாய்ந்து மறைவதால், வளர்பிறையின் வளைந்த முதுகு வலப்பக்கம் தெரியும்; பாடநூல் படங்களும் அப்படியே வரையப்படுகின்றன. நம் கொடியிலோ முதுகு இடப்பக்கம், கம்பத்தை நோக்கி இருக்கிறது. அதனால் அது தவறா? அவசரப்படாதீர்கள். துணிக்கு இரண்டு பக்கங்கள் உண்டல்லவா! சன்னலில் கட்டிய கொடியை வீட்டுக்குள்ளிருந்து பார்த்தால், வெயிலில் துணி ஊடுருவித் தெரியும்போது, பிறையின் முதுகு வலப்பக்கம் திரும்பிவிடுகிறது. ஆக, கீழே நடந்து போகிறவருக்குத் தேய்பிறை, வீட்டுக்காரருக்கு வளர்பிறை! (என் மனைவி இதைக் கேட்டுவிட்டு, "கொடியை முதலில் நேராகக் கட்டுங்கள்" என்று மட்டும் சொன்னார்.)

இதைவிட வியப்பானது ஒன்று உண்டு. நிலநடுக்கோட்டை ஒட்டியிருக்கும் சிங்கப்பூரில் சூரியன் ஏறத்தாழ நேர்க்குத்தாக இறங்குவதால், மூன்றாம் பிறை இடமும் காட்டாது, வலமும் காட்டாது. சிவபெருமான் சடையில் சூடிய பிறையைப் போல, பெரும்பாலும் படகாக மல்லாந்து கிடக்கும். அப்படியானால், வடக்கத்திய படத்தை அளவுகோலாக வைத்து நம் கொடியைத் தேய்பிறை என்பதும் பொருந்தாது. நம் வானத்துக்கு அந்த அளவுகோலே செல்லாது.

அடுத்த அமாவாசை கழிந்த மூன்றாம் நாள், மாலை ஏழரை மணியளவில் உங்கள் அடுக்குமாடித் தாழ்வாரத்திலிருந்து மேற்கே பாருங்கள். பிறை எப்படிக் கிடக்கிறது என்று படமெடுத்துக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள். மேகம் மறைத்தால் நான் பொறுப்பல்ல.