தேனீக்கள் காவல் காக்கும் கிராமம்

(காட்சி: செம்மண் வயல். ஓரமாக வரிசையில் தொங்கும் மரப்பெட்டிகள்.)

யாரோ தேன் வியாபாரத்துக்குத் தொங்கவிட்ட பெட்டிகள் என்று நினைப்பீர்கள். தேனும் கிடைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இது வேலி. தடுக்க வேண்டிய விருந்தாளி, யானை.

இடம், கென்யாவின் சகல்லா. 1948-இல் உருவான சாவோ தேசியப் பூங்காவின் கிழக்குப் பகுதியை ஒட்டிய ஊர். மழையை நம்பி மக்காச்சோளமும் பயறும் விதைக்கிறார்கள். கதிர் முற்றும் சமயத்தில், இருட்டில் யானைகள் வந்துவிடும். தின்றது போக, மிதித்து நாசமாவது வேறு. விடிந்து பார்த்தால் அந்தப் போகமே கையில் இருக்காது.

தகரத்தைத் தட்டலாம், தீ மூட்டலாம். சில நாள் பயப்படும். வெறும் சத்தம்தான் என்று புரிந்ததும் நம்மைச் சட்டையே செய்யாது.

(காட்சி: மரத்தடியில் யானைக் கூட்டம்.)

தேனீ அப்படியல்ல. யானையின் தோல் தடித்ததுதான், கண்ணோரமும் தும்பிக்கையின் உட்புறமும் தடித்தவை அல்லவே! யானை ஆய்வாளர் லூசி கிங் குழுவினர், சீண்டப்பட்ட தேனீக்களின் இரைச்சலைப் பதிவு செய்து யானைகளுக்குக் கேட்கச் செய்தார்கள். 2007-இல் வெளியான முடிவு: 17 குடும்பங்களில் 16, 80 விநாடிக்குள் இடத்தைக் காலி செய்தன. அங்கே ஒரு தேனீகூட இல்லை!

ஆனால் ஒலிப்பதிவை மட்டும் நம்பினால் அதுவும் ஒருநாள் தகரச் சத்தமாகிவிடும். கொட்டக்கூடிய தேனீ வேண்டும்.

(காட்சி: கம்பியை அருகிலிருந்து காட்டுக.)

பத்து மீட்டருக்கு ஒன்றாகத் தொங்குபவற்றில், ஒன்று விட்டு ஒன்று வெறும் பலகை. செலவைக் குறைக்கும் சாமர்த்தியம் இது. இந்த வேலியில் எனக்கு மிகவும் பிடித்ததும் இதுதான். எல்லாவற்றையும் ஒரே கம்பி இணைக்கிறது. யானை எங்கே தள்ளினாலும் பெட்டிகள் ஆடும், தேனீக்கள் கிளம்பும்.

சகல்லாவில் ஒன்பது ஆண்டுகள் கணக்கெடுத்த ஆய்வு 2024-இல் வெளியானது. பயிர் விளைந்து நிற்கும் மாதங்களில், வேலியை நெருங்கிய யானைகளில் 86 சதவீதம் வரை திரும்பிப் போயின.

ஆனால் இது உயிருள்ள வேலி. 2017-இல் வறட்சி வந்தது. பூ இல்லை, தேனீக்கள் பெட்டிகளை விட்டுப் போய்விட்டன. காலிப் பெட்டி யாரைக் கொட்டும்?

(காட்சி: பெட்டிக்குள் மெழுகு தடவும் கை.)

தேனீக்களை யாரும் பிடித்து வந்து அடைப்பதில்லை. காட்டுக் கூட்டங்கள் தாமாக வந்து குடியேற வேண்டும். அதுவரை சிலந்தி வலையைத் துடைத்து, உள்ளே மெழுகு தடவி வைத்து, மழைக்குக் காத்திருக்கிறார்கள்.